மண்டபத்திலிருந்து மலைக்கு

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். எங்கள் அம்மாச்சி 1970களில் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர். முதலில் புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் தொழில் கடன் கொடுத்துக் குடியமர்த்தினார்களாம். ஒரு மளிகைக்கடை வைத்து, அது நொடித்துப்போய், குடும்பத்தோடு மலைக்கு வந்துவிட்டார்கள். தாத்தா இறந்து பல வருடமாகிறது. தகரக் கூரை போட்ட அதே வீட்டில் அம்மாச்சி இப்போது தனியாக இருக்கிறார்.

போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் என் மாமா, "கப்பல் டிக்கெட்லேருந்து கடை வைக்கப் பணம் வரைக்கும் கவர்மென்ட் கொடுத்துச்சு. நம்ம ஆளுங்களுக்குத்தான் ஒரு எடத்துல நிக்கத் துப்பில்ல. ஓடி ஓடியே கெட்டாங்க" என்றார். அம்மாச்சி ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா சொல்வது சரிதானா?

இன்னொன்று. அம்மாச்சியைக் கோவைக்கு அழைத்துவந்து என்னோடு வைத்துக்கொள்ள ஆசை. இரண்டாவது மாடி, லிப்ட் இருக்கிறது. வர மாட்டேன் என்கிறார். வற்புறுத்தலாமா?

ம., கோவை

அன்புள்ள ம.,

உங்கள் மாமா சொன்ன தகவல்களில் தப்பில்லை. கப்பல் கொடுத்தார்கள், முகாம் கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதுதான் சாஸ்திரி ஒப்பந்தம். அப்போது குடியுரிமை இல்லாதவர்கள் என்று கணக்கில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அதையும் 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து ஜனங்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. விண்ணப்பம் போட்டுத்தானே வந்தார்கள் என்று கேட்கலாம். போட்டார்கள். இலங்கையின் 1948ஆம் வருடச் சட்டத்தில் குடியுரிமை போயிருந்தது. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது நிர்வாகம் குழம்பியது. 1973, 74இல் அரிசி, மாவுத் தட்டுப்பாடு வந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் பட்டினிச் சாவுகளே நடந்தன. அந்த நிலைமையில் ஒருவர் எந்த அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடுகிறார் என்பதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். குடும்பத்தில் யார் யார், இந்தியாவில் என்ன உதவி என்பதெல்லாம் அதில்தான். தேயிலைத் தோட்டம், நூற்பாலை, ரப்பர், தொழில் கடன் என்று பல திட்டங்கள் இருந்தன. புனலூர் பக்கம் ரப்பருக்குப் போனவர்கள் உண்டு, கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் ரப்பருக்குப் போனவர்கள் உண்டு, நிக்கோபாரில் கச்சால் தீவுவரை அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஆகப் பெரிய கூட்டத்துக்குக் கிடைத்தது தொழில் கடன்தான். அரசாங்கத்துக்கு அதுதான் சுளுவான வழி. குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வரை கொடுத்து, கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்று கோப்பை மூடிவிடலாம்.

தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம். ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதத்துக்குள் அடித்த புயலில் தனுஷ்கோடித் துறைமுகம் அழிந்துபோனதால் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து, பக்கத்து ஊரான மண்டபத்தில் இருந்த முகாம். இவர்களுடைய பாட்டன், முப்பாட்டன் இலங்கைக்குப் போனபோது காலரா இருக்கிறதா, பிளேக் இருக்கிறதா என்று பிடித்துவைத்துப் பரிசோதித்த அதே மண்டபம்தான். போகும்போது சோதனை, வரும்போது பதிவு. உங்கள் அம்மாச்சியின் ட்ரங்குப் பெட்டி எங்காவது பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பெயிண்டில் எழுதிய பெயரும் தோட்டத்தின் பெயரும் பல வீடுகளில் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

இனி புதுக்கோட்டை. உங்கள் கடிதத்தில் "நொடித்துப்போய்" என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

மூன்று, நான்கு தலைமுறையாகத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்றால் எந்த மலையில் வேலை என்று கங்காணி சொல்வார். பெண்கள் இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். கைக்குழந்தை தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில். பறித்த கொழுந்தை றாத்தல் (பவுண்டு) கணக்குப் பார்த்துப் பேர், அதாவது அன்றைய நாள்கூலி, விழும். மாதம் முடிந்தால் சம்பளம், நடுவில் முன்பணம். கடைக்கடன் சம்பளத்தில் கழிந்துவிடும். கொடுமையான வாழ்க்கைதான், அதை நான் அழகுபடுத்த விரும்பவில்லை. ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்ற கேள்வி அதில் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெண்ணின் கையில் வருடம் முழுக்க வேலை இருந்தது.

இவர்களைக் கொண்டுபோய் ஒரு நெல் கிராமத்தில் மளிகைக்கடை வைக்கச் சொன்னால்? கடன் சொல்லி வாங்கிப் போகிறவரிடம் எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாது. எந்தத் தெருவில் கடை போட்டால் யார் வாங்குவார்கள், யார் வாங்கமாட்டார்கள் என்பதும் தெரியாது. வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வியே "என்ன ஆளுங்க?" என்பதாக இருந்தது. தோட்டத்தில் சாதி இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே லயத்தில், ஒரே இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) உட்கார்ந்து பழகியவர்களுக்கு, குழாயடியில் தனி வரிசை என்பது தலையில் இடி விழுந்த மாதிரி. பூர்வீக ஊரைத் தேடிப்போன சிலருக்குப் பங்காளிகள் முகம் கொடுக்கவில்லை. நிலம் கேட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். கடன் வாங்கித் தருகிறேன் என்று இடையில் புகுந்த தரகர்கள் தின்றது வேறு.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு பாட்டி என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். கடை மூடிய பிறகு நடவுக்குப் போயிருக்கிறார். இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிப் பழகியவர், நாற்றை மேலோட்டமாக வைத்துக்கொண்டே போயிருக்கிறார். மறுநாள் காலையில் அவர் நட்ட பத்தி மட்டும் தண்ணீரில் மிதந்திருக்கிறது. வயலே சிரித்திருக்கிறது. அரைக்கூலி கொடுத்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "சிரிச்சது கூடப் பரவால்ல சாமி. எனக்கு வேல தெரியாதுன்னுட்டாங்க" என்றார். தோட்டத்தில் நாள் தவறாமல் முழுப்பேர் போட்ட பெண் அவர்.

அப்போதுதான் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒரே தோட்டத்திலிருந்து முன்னால் வந்தவர் கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ எழுதுவார்: இங்கே தேயிலை இருக்கிறது, குளிர் நம்ம குளிர்தான், வா. இருந்த பாத்திரத்தை விற்று மேட்டுப்பாளையம் போய் பஸ் ஏறினார்கள். உங்கள் மாமா ஓட்டம் என்று சொல்வது இதைத்தான். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. 1948இலிருந்து அவர்களைப் பற்றிய எல்லா முடிவுகளும் கொழும்பிலும் டெல்லியிலும் எடுக்கப்பட்டவை. மலைக்குப் போவது என்பது ஒரு குடும்பம் அடுப்படியில் உட்கார்ந்து தானே பேசி எடுத்த முடிவு. திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கைக்குத் தெரிந்த வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் காலூன்ற முடியும்.

போனதும் விடிந்துவிடவில்லை. படுகர் விவசாயிகளின் கிழங்கு, கோஸ், கேரட் தோட்டங்களில் தினக்கூலியாகத்தான் பலர் ஆரம்பித்தார்கள். கொடைக்கானல் மலையில் சீகை மரம் வெட்டக் கூட்டிப்போன கான்ட்ராக்டர்களிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் உண்டு, நீதிமன்றம்வரை போன விஷயம் அது. கூடலூரில் காட்டை ஒட்டிக் குடிசை போட்டவர்கள், பழைய ஜமீன் மாதிரியான ஜென்மம் நிலச் சிக்கலில் மாட்டினார்கள். 1969ஆம் வருடத்து ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் நிலம் என்பதால் பட்டா கிடைக்கவில்லை, பட்டா இல்லாததால் கரண்ட் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் காலம்வரை மண்ணெண்ணெய் விளக்கில் படித்த வீடுகள் அங்கே இருக்கின்றன.

டேன்டீயில், அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில், வேலை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள் என்று வெளியே பேசுவார்கள். 1968இல் தாயகம் திரும்பியோருக்காகவே அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம் அது, 1976இல் கழகமானது. ஆனால் கூடலூரை அடுத்த சேரம்பாடி, நெல்லியாளம் பக்கம் போய் இறங்கியவர்களுக்குக் கொழுந்து பறிக்கச் செடியே இல்லை. காட்டை வெட்டவேண்டும், குழி எடுக்கவேண்டும், நாற்று வைக்கவேண்டும். தேயிலை வைத்துப் பறிப்புக்கு வர நாலைந்து வருடமாகும். அதுவரை கையில் மண்வெட்டி, காலில் அட்டைப்பூச்சி. பக்கத்திலேயே தேவாலா, தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்க்கும் இடங்களில் ஒன்று. யானை வேறு. இன்று அங்கே பச்சைக் கம்பளம் போல இருக்கிறதே என்று படம் எடுக்கிற சுற்றுலாக்காரர்களுக்கு, அந்தச் சரிவில் முதல் குழி எடுத்தது யார் என்று தெரியாது. இவ்வளவும் செய்துவிட்டு ஓய்வு பெற்றபோது கழகத்தின் வீட்டைக் காலி செய்யவேண்டியிருந்தது.

"பர்மாக்காரங்க நிக்கலையா?" என்று மாமா அடுத்து கேட்பார், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நின்றார்கள்தான். 1962க்குப் பிறகு ரங்கூனிலிருந்து வந்தவர்களில் வியாபாரம் தெரிந்தவர்கள் நிறைய. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே கடை போட்டார்கள், அது பர்மா பஜார் ஆனது. அவர்களும் தெரிந்த வேலையைத்தான் செய்தார்கள். கொழுந்து பறித்தவரைக் கடைக்கு அனுப்பியதைப் போல, அவர்களைத் தேயிலை மலைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமாவைக் கேட்டுப் பாருங்கள்.

புது இடத்தில் ஒட்டுவது என்பது சின்னச் சின்ன விஷயங்களில்தான் நடந்தது. றாத்தல் போய் கிலோ வந்தது. கங்காணி போய் மேஸ்திரி வந்தார். ராகியும் அவரையும் சமையலில் சேர்ந்தன. ஆனால் காலையில் தேங்காய் போட்ட ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் (பால் சேர்க்காத தேநீரும்) மாறவில்லை. ஒரே தோட்டத்து ஜனங்கள் பக்கம் பக்கமாகக் குடிசை போட்டு, நடுவில் ஒரு மாரியம்மன் கோயிலை எழுப்பினார்கள். நான் பார்த்தவரை, எங்கே கோயிலும் கிணறும் முதலில் வந்தனவோ அங்கே ஜனங்கள் நிலைத்துவிட்டார்கள். இதை எந்தத் துறையும் திட்டத்தில் எழுதவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாவது மாடி, லிப்ட் எல்லாம் வசதிதான். ஆனால் நீங்கள் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் அவர் அந்த வீட்டில் யாரோடு பேசுவார்? கோத்தகிரியில் மருந்து வாங்க, ரேஷனுக்கு, கோயிலுக்கு அவருக்கு வழி தெரியும். மேலே லயத்துப் பெண்கள் வருகிறபோது போகிறபோது குரல் கொடுப்பார்கள். ஒருமுறை ஏற்றி இறக்கிய வாழ்க்கையை அவர் தன் முயற்சியில் நிலைநிறுத்தியிருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் மறுபடியும் ஒரு குடியமர்த்தலை, இந்தமுறை பேத்தி கையால், அவர் மேல் ஏற்றவேண்டாம். முதியோர் உதவித்தொகை வாங்குகிறார் என்றால் முகவரியை மாற்றினால் அதிலும் அலைச்சல்தான்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அவரை அழைத்துவந்து வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் எத்தனை பேர் போனார்கள் என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். சரிவில் இருக்கும் தகர வீட்டில் அந்த மாதங்களில் தனியாக இருப்பது சரியில்லை. "மழை விட்டதும் கொண்டுபோய் விடுகிறேன்" என்று சொல்லிக் கூப்பிடுங்கள், சொன்னபடி கொண்டுபோயும் விடுங்கள். வருவார் என்றே நினைக்கிறேன்.

அவர் வந்திருக்கும்போது அந்தக் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்கி நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைந்த தாயகம் திரும்பிய குடும்பங்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். உங்கள் பிள்ளைகளுக்கும் ஒருநாள் தேவைப்படலாம்.

மாமாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அம்மாச்சி வீட்டுக்குப் பின்னால் மண் நிற்கிற மாதிரி ஒரு கல் தடுப்புச்சுவர், புரட்டாசி முடிவதற்குள். கூரைத் தகரத்தையும் ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்