பாய்மரப் படகின் பழைய எஞ்சின்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் படகின் டீசல் எஞ்சினுக்கு வயது 25-க்கு மேல். மெதுவாக ஓட்டினால் சூடு சரியாக இருக்கிறது. வேகம் கூட்டினால் பத்து நிமிடத்தில் அலாரம் அடிக்கிறது. கூலன்ட் குறையவில்லை, தெர்மோஸ்டாட்டும் புதிது. எங்கே தேடுவது?

பதில்: கடல்நீர் ஓடும் பாதையில் தேடுங்கள். அது பாதி அடைத்திருந்தாலும் மெதுவான ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். சுமை ஏறும்போதுதான் போதாது. பின்பக்கம் புகையோடு தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒழுகலாக வந்தாலோ ஆவி கலந்து வந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

படகின் அடியில் கடல்நீரை உள்ளே விடும் அடிவால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, ஒரு நொடி திறந்து பாருங்கள். தண்ணீர் வேகமாகப் பொங்கி வர வேண்டும். வால்வு மூடாமல் போனால் ஓட்டையை அடைக்க மர ஆப்பு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடுத்தது வடிகட்டி: அழுக்கு மட்டுமல்ல, மூடியின் வாஷர் தேய்ந்திருந்தாலும் பம்பு காற்றை உறிஞ்சும்.

பிறகு இம்பெல்லர், அதாவது கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம். இதழ்களை எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். புது இம்பெல்லர் போட்டும் சூடு தீராத பல எஞ்சின்களில், பழைய துண்டுகள், கூலன்ட்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களின் வாயில் சிக்கியிருக்கும். அதன் மூடியைக் கழற்றும்போதே மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடும் துத்தநாகக் கம்பியையும் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். புது இம்பெல்லருக்குக் கிளிசரின் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். அது ரப்பரை ஊதவைக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால், புகையும் தண்ணீரும் கலக்கும் எல்போவைக் கழற்றுங்கள். வெளியே நல்ல இரும்பாகத் தெரியும். உள்ளே கரியும் துருவும் சேர்ந்து ஓட்டை சுருங்கியிருக்கும். பழைய எஞ்சினில் அதிகம் மறக்கப்படும் பாகம் இதுதான். எஞ்சின் முழு வேகம் எட்டாமல் கரும்புகை தள்ளினால் இதன்மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். புரொப்பல்லரில் சிப்பி ஒட்டியிருந்தாலும் அதே அறிகுறி வரும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

கேள்வி: டீசல் ஃபில்டர் மாற்றினேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றது. இப்போது சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

பதில்: ஏர் லாக், அதாவது டீசல் பாதையில் காற்று அடைத்திருக்கிறது. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை நெம்புகோலை அடியுங்கள். நெம்புகோலில் அழுத்தமே தெரியாவிட்டால், அந்தப் பம்பைத் தள்ளும் கேமின் மேட்டில் அது நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சினை ஒரு சுற்றுக் கையால் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நோசில்களுக்கு வரும் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரால் சுற்றி, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். டீசல் பீய்ச்சும் இடத்தில் கையை நீட்டாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: பிடிக்காத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது கடல்நீர் வரும் அடிவால்வு மூடியிருக்க வேண்டும். புகை அழுத்தம் இல்லாததால் தண்ணீர் வெளியே போகாமல் சைலன்சரை நிரப்பி, சிலிண்டருக்கே திரும்பிவிடும். எஞ்சின் பிடித்த உடனே வால்வைத் திறந்துவிடுங்கள், இம்பெல்லர் காய்ந்து ஓடினால் கருகும்.

மறுபடி மறுபடி காற்று சேர்ந்தால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் தேடுங்கள். அது உறிஞ்சும் பக்கம். டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகும். பெரும்பாலும் ஃபில்டரின் பழைய ரப்பர் வளையமோ, மறுபடி போட்ட செம்பு வாஷரோதான் காரணம்.

கேள்வி: புரொப்பல்லர் ஷாஃப்ட் படகிலிருந்து வெளியேறும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. இறுக்கிவிடலாமா?

பதில்: ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுப்பது கயிறு பேக்கிங் என்றால் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் ஷாஃப்ட்டைக் குளிர்விக்கிறது. நின்ற பிறகும் ஒழுகினால் பேக்கிங்கை அழுத்தும் நட்டை ஆறில் ஒரு பங்குச் சுற்று இறுக்கி, சற்று ஓட்டி, எஞ்சினை நிறுத்தியபின் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம். இறுக்கியும் ஒழுகல் அடங்காவிட்டால் பேக்கிங் வளையங்களை மாற்றுங்கள். வெட்டு முனைகள் ஒரே வரிசையில் வராமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி அமைய வேண்டும். படகு தண்ணீரில் இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் கடல்நீர் உள்ளே வரும், படகைக் கரையேற்றியபோதே செய்யுங்கள்.