அண்ணனுக்குக் கேட்ட மருந்து தம்பிக்கும் கேட்குமா?

காரைக்குடி வாசகி: அப்பச்சிக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல் தந்திருக்கிறார்கள். சிலருக்கு அது வேலையே செய்யாதாமே?

உண்மைதான். அந்த மாத்திரை விழுங்கியதும் மருந்தாகிவிடாது. கல்லீரலில் இருக்கும் சிஒய்பி2சி19 என்ற நொதிதான் அதை மருந்தாக மாற்றுகிறது. அந்த நொதிக்கான மரபணு தாய்வழியில் ஒன்று, தந்தைவழியில் ஒன்று வரும். இரண்டும் பழுது என்றால் மாத்திரையால் பெரிய பலன் இருக்காது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடும். நம் நாட்டில் இந்தப் பழுது அபூர்வம் இல்லை. 2010-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கட்டம் கட்டி எச்சரித்தது. பரிசோதனை உண்டு, டிகாக்ரெலார் போன்ற மாற்று மருந்தும் உண்டு. ஆனால் நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். அப்புறம், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போடுகிறாரா? அது இதே நொதியைத்தான் தடுக்கும். மரபணு நன்றாக இருந்தாலும் மருந்தின் பலனை அது குறைத்துவிடலாம். மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை வாசகர்: செட்டியார்களுக்கு மயக்க மருந்து ஆகாது என்கிறார்கள். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, பயமாக இருக்கிறது.

பெயரால் வந்த குழப்பம். அந்தக் குறை அதிகம் காணப்படுவது தெலுங்கு பேசும் ஆரிய வைசியர்களிடம். ஒன்பது கோயில் நகரத்தார் வேறு சமூகம். 'செட்டியார்' என்ற பட்டத்தில் மரபணு ஒட்டிக்கொண்டு வராது. சிக்கல் மயக்க மருந்திலும் இல்லை, தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியில். ரத்தத்திலுள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும். நொதி குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் நிற்கும். தானாக மூச்சு விட முடியாது, அதுவரை வென்டிலேட்டர்தான். முன்கூட்டியே தெரிந்தால் வேறு ஊசி போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். ஆகவே எந்தச் சமூகமானாலும், வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சு திரும்பத் தாமதமானதா என்று அப்பத்தாவிடம் கேட்டு மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வாசகி: என் கோடீன் இருமல் மருந்தை ஏழு வயதுப் பேத்திக்கு அரை ஸ்பூன் தரலாமா?

கூடவே கூடாது. கோடீன் உடம்பில் மார்ஃபினாக மாறும். சிலருக்கு மரபணுவால் அந்த மாற்றம் அதிவேகம், குழந்தைக்கு மூச்சே அடங்கிவிடலாம். அரை ஸ்பூன் என்பதெல்லாம் கணக்கே இல்லை.

புதுவயல் வாசகர்: எட்டு வருடமாக வலிப்புக்கு கார்பமாசெபின் சாப்பிடுகிறேன். இப்போது மரபணு சோதனை தேவையா?

பொதுவாகத் தேவைப்படாது. எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையால் தோல் உரியும் ஆபத்து பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வரும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். புதிதாகத் தொடங்குபவர்தான் முதல் மாத்திரைக்கு முன்னே சோதனை பற்றிக் கேட்க வேண்டும்.