நின்றால் மட்டும் சூடாகும் வண்டி: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி. கடலூரிலிருந்து தவளக்குப்பம் வரை டெம்பரேச்சர் முள் அசைவதில்லை. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் ஊர்ந்தால் மளமளவென்று ஏறுகிறது, ஏசியும் குளிர்வதில்லை. ஃபேன் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கோளாறு ஃபேன் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. மோட்டாரா என்பதுதான் கேள்வி. 60 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேன் செத்திருந்தாலும் தெரியாது. வண்டி நின்றால் காற்றை இழுக்க ஃபேனை விட்டால் ஆளில்லை. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்து படுத்துக்கொள்கின்றன.

கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தின் சூட்டைச் சென்சார், இன்ஜினின் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. 95 டிகிரி செல்சியஸ் வாக்கில் (வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்) ஈசியூ ரிலேவை (சிறு கரண்டால் இயங்கும் மின்சார ஸ்விட்ச்) இயக்க, ரிலே பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடுகிறது. இந்தச் சங்கிலியில் மோட்டார் கடைசிக் கண்ணி. விலை அதிகமானதும் அதுதான். எனவே அதைக் கடைசியில் சந்தேகியுங்கள்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக் குளிர்ச்சியில் வையுங்கள். கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்த சிறிது நேரத்தில் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்றும். சுற்றினால் மோட்டாரை விட்டுவிட்டுச் சென்சாரையும் கூலன்ட் அளவையும் பாருங்கள். கூலன்ட் குறைந்து சென்சார் முனை காற்றில் நின்றால் அது நிஜச் சூட்டைச் சொல்லாது. கூலன்ட் பார்க்கும் அவசரத்தில் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

சுற்றவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர் இருக்கும். எரிந்திருந்தால் அதே அளவைப் போடுங்கள், பெரியதைப் போடாதீர்கள். மறுபடி எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. அடுத்து ரிலே. பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதிலும் சுற்றாவிட்டால் இக்னிஷனை அணைத்து, ரிலேவைக் கழற்றி, அதன் அடியில் 30, 87 என்று போட்ட கால்களுக்கான துளைகளை ஃபியூஸ் வைத்த தடித்த ஒயரால் இணையுங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார் நல்லது. பழுது ரிலேவுக்கு முந்திய பகுதியில். ரிலேவுக்குப் பதில் ஃபேனுக்கென்று கன்ட்ரோல் மாட்யூல் உள்ள புது வண்டிகளில் இதைச் செய்ய வேண்டாம், ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்போதும் ஓடவில்லை என்றால் மோட்டார் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். இதில் ஓடினால் குற்றவாளி ஒயரிங்தான். நம் கடலோர உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கும், பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கும், பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் துருவேறியிருக்கும். முழு வேகத்தில் மோட்டார் 20 ஆம்பியர் அளவுக்கு இழுப்பதால் சிறு துருவும் பெரிய தடை. ஃபேன் ஓடும்போது பேட்டரியில் 12.5 வோல்ட், கனெக்டரில் 10 என்று மீட்டர் காட்டினால் அந்த 2.5 வோல்ட் வழியில் வெப்பமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பின்னை மாற்றி, எர்த்தைச் சுரண்டி முடுக்குங்கள்.

நேரடி மின்சாரத்திலும் அசையவில்லை, ஆனால் மோட்டார் மேல் குச்சியால் தட்டினால் ஓடுகிறது என்றால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இப்போது மாற்றுங்கள். மாற்றியபின் கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். கண்டென்சரோடு ஒட்ட வேண்டும். தள்ளினால் ஒயரைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்கள். இது நடக்கிற தவறுதான்.

கேள்வி: ரிலே தொல்லைக்கு மாற்றாக, டேஷ்போர்டில் ஸ்விட்ச் வைத்து ஃபேனை 'டைரக்ட்' ஆக்கிவிட்டார் எலக்ட்ரீஷியன். சரிதானே?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: சரியில்லை. ஒயர் மெல்லியதாக இருந்தால் டேஷ்போர்டுக்குள்ளேயே உருகும். அதைவிடப் பெரிய ஆபத்து, வேறொருவர் வண்டியை எடுக்கும் நாளில் ஸ்விட்சைப் போட மறப்பது. இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போக ஒரு நெரிசல் போதும். இன்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவதும் இதே ரகம். இன்ஜின் சூடேறாமலே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர டைரக்ட் கொடுக்கலாம். மறுநாளே ரிலேவைச் சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி: சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது. பேட்டரி இறங்குமா?
- வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சில வண்டிகளில் அதுதான் வடிவமைப்பு, சில நிமிடங்களில் தானே நிற்கும். ஆறிய இன்ஜினிலும் நிற்காமல் ஓடினால் ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். ரிலேவைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால் சந்தேகம் உறுதி. அது வரை பேட்டரி இறங்கத்தான் செய்யும். சென்சார் இணைப்பு அறுந்தாலும் பல வண்டிகள் பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். ஆனால் அப்போது சாவி ஆனில் இருக்கும், செக் இன்ஜின் விளக்கும் எரியும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பழைய டீசல் இன்னோவாவில் மின்சார ஃபேனைக் காணோமே?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அதில் இன்ஜின் நீளவாக்கில் இருப்பதால் ஃபேனை இன்ஜினே விஸ்கஸ் கப்ளிங் (சிலிகான் ஆயில் நிரம்பிய இணைப்பு) வழியாகச் சுற்றுகிறது. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இன்ஜின் குறுக்காக இருப்பதால் அந்த வசதி இல்லை, மோட்டார் தேவைப்படுகிறது. அவருக்கும் நெரிசலில் சூடேறினால், அணைத்து ஆறிய இன்ஜினில் ஃபேனைக் கையால் சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தடையில்லாமல் பல சுற்று ஓடினால் உள்ளே இருக்கும் சிலிகான் ஆயில் கசிந்துவிட்டது. கப்ளிங்கை மாற்ற வேண்டியதுதான்.