நொடித்துப்போன கம்பெனிகளை அரசு காப்பாற்றுவது பற்றி எம்பிக்குக் கடிதம் எழுதினால் ஏதாவது நடக்குமா?

கேள்வி கேட்டவர் சொல்வது சுருக்கமாக இதுதான்: நஷ்டத்தில் விழும் பெரிய கம்பெனிகளுக்கு அரசு நம் வரிப்பணத்தில் முட்டுக் கொடுக்கிறது, உங்கள் எம்பிக்கு எழுதுங்கள் என்கிறார்கள், சாதாரண ஆள் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஆகும். ஆனால் என்ன எழுதுகிறோம், எப்போது எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து. "மக்கள் பணத்தை வீணாக்காதே" என்று எழுதினால் எதுவும் ஆகாது. அதை நானே எழுதிப் பார்த்துவிட்டேன்.

நான் காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் 26 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு உதவியாளாக, இருந்தவர். தவணை முடிந்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. துணிமணியைவிடக் காகிதம்தான் அதில் அதிகம். முதலாளி இங்கிருந்து கடைக்கு எழுதிய கடுதாசிகளின் நகல்கள். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், குசலம் விசாரித்து ஒரு வரி. அடுத்த வரியிலேயே விஷயம்: "சென்ற குறிப்பில் அரிசி ஆலைக்குக் கொடுத்த தொகைக்கு ஈடு என்னவென்று காணவில்லை. மறு தபாலில் எழுதவும்." அவ்வளவுதான். கோபம் இல்லை, உபதேசம் இல்லை. ஒரு தொகை, ஒரு கேள்வி, ஒரு கெடு.

கடலுக்கு அந்தப் பக்கம் லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல். முதலாளி இங்கே முகப்புத் திண்ணையில். இடையில் இருந்தது கடுதாசி மட்டும்தான். மேலாளுக்கு மூன்று வருடத் தவணை, சம்பளச் சீட்டு, முடிந்ததும் ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் எல்லாம் சேர்ந்த முடிவுக் கணக்கு) போட்டு ஒப்படைக்க வேண்டும். கேட்காத முதலாளிக்குக் கணக்கு ஒழுங்காக வந்ததாக ஐயா சொல்லி நான் கேட்டதில்லை. எம்பியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். என்ன, இவருக்கு ஐந்து வருடத் தவணை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுதி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது.

2008இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தபோது 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தை அவர்களுடைய அரசு கொண்டுவந்தது. மக்கள் தங்கள் பிரதிநிதிகளுக்குப் போன் மேல் போன், மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். பிரதிநிதிகள் சபையின் இணையதளமே திணறியது. செப்டம்பர் 29 அன்று 228க்கு 205 என்று திட்டம் தோற்றது. அன்றே பங்குச்சந்தை 777 புள்ளி விழுந்தது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, மாற்றங்களோடு மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ஆகவே மக்கள் தோற்றார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மாற்றங்களில் ஒன்று, வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு ஒரு லட்சம் டாலரிலிருந்து இரண்டரை லட்சமாக உயர்ந்தது. பணத்தைத் தடுக்க முடியவில்லை, பணத்தோடு சாதாரண ஆளுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

இங்கே அப்படியே செய்ய முடியாது. கட்சி மாறல் தடைச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்பி பதவியே போய்விடலாம். எனவே "எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்" என்று ஆளுங்கட்சி எம்பிக்கு எழுதுவது தபால் செலவுக்குக் கேடு. "இந்தக் கேள்வியைக் கேளுங்கள்" என்று எழுதுவது வேறு. கேள்வி கேட்பதற்கு எந்தக் கொறடாவும் குறுக்கே வருவதில்லை. ஆளுங்கட்சி எம்பியும் கேட்கலாம், கேட்கிறார்கள்.

2017 டிசம்பரில் இந்தப் பாடத்தைக் கண்ணால் பார்த்தேன். எப்ஆர்டிஐ மசோதா என்று ஒன்று. நிதி நிறுவனங்கள் நொடித்தால் எப்படித் தீர்ப்பது என்பதற்கான சட்டம். அந்த ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்குப் போயிருந்தது. அதன் 52ஆவது பிரிவில் ஒரு விவகாரம்: வங்கி மூழ்கினால் அது தரவேண்டிய கடன்களைக் குறைக்கவோ ரத்து செய்யவோ வழி இருந்தது. டெபாசிட்டும் வங்கி நமக்குத் தரவேண்டிய கடன்தானே? காப்பீடு உள்ள தொகைக்கு மட்டும் விலக்கு. அப்போது அந்தக் காப்பீடு ஒரு லட்சம், 1993இலிருந்து ஒரு பைசா ஏறாமல்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி மஞ்சள் பையில் நாலு பாஸ்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். "தம்பி, பேங்குல போட்டதை அவுகளே எடுத்துக்குவாகளாமே, நெசமா?" மகன் சிங்கப்பூரில் இருந்து அனுப்பி, ஆச்சி சிறுகச் சிறுகப் போட்டது. ஒரு பாஸ்புத்தகத்தின் உறை பிய்ந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "பார்லிமெண்டுல இன்னும் பாஸ் ஆகலை ஆச்சி." அவர்கள் விடவில்லை. "ஆகுறதுக்கு முன்னாடித்தானே சொல்லணும், ஆன பின்னாடி யாருகிட்ட சொல்ல?"

இத்தனை வருடக் கணக்கு அனுபவத்துக்கு எட்டாதது அது. அன்று மாலையே எழுதினேன். முதல் கடிதம் மூன்று பக்கம், எப்போதோ படித்த பொருளாதாரம் எல்லாம் அதில் இருந்தது. ஒரு எம்பிக்கு அனுப்பினேன், பதில் இல்லை. அந்தக் கடிதத்தை இன்று படித்தால் எனக்கே பதில் போடத் தோன்றாது. இரண்டாவது, ஒரே பக்கம், கூட்டுக்குழுவுக்கு: "காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று மசோதாவில் எங்கே இருக்கிறது? ஒரு லட்சத்துக்கு மேல் உள்ள டெபாசிட், கடன்காரர்கள் வரிசையில் எந்த இடத்தில் நிற்கும்?" ஆச்சியின் கையெழுத்தும் இருந்தது, தமிழில். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள், இணையத்தில் மனுவில் கையெழுத்திட்டார்கள், வங்கி ஊழியர் சங்கங்கள் தெருவில் இறங்கின. 2018 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2020 பிப்ரவரியில் காப்பீடு ஐந்து லட்சமானது. என் கடுதாசியால் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆனால் அந்தக் குவியலில் அதுவும் ஒன்று.

இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். எந்தக் கம்பெனியையும் காப்பாற்றவே கூடாது என்கிற கட்சி நான் இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் அன்றே கிளை திறந்த வங்கி. அதுவே வாராக்கடனில் சிக்கி 2015இலிருந்து 2021 வரை ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டு நடவடிக்கையில் இருந்தது. அரசு திரும்பத் திரும்ப மூலதனம் போட்டுத்தான் எழுந்து நின்றது. போட்டது சரி என்றுதான் சொல்வேன், எத்தனை பேருடைய பென்ஷன் அதில். என் கேள்வி வேறு: காப்பாற்றும்போது முதல் அடி யாருக்கு?

இதில் ஒழுங்கான விதி ஒன்றும் கிடையாது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி தடுமாறியது. 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று நிறுத்தினார்கள். ஸ்டேட் வங்கி 6,050 கோடி போட்டுக் கைதூக்கி விட்டது. பழைய பங்குதாரர்களுக்குப் பங்கு மிஞ்சியது, முக்கால் பங்கை மூன்று வருடம் விற்க முடியாது என்ற பூட்டோடு. ஒரு வகைக் கடன்பத்திரம் வாங்கியவர்களுடைய 8,415 கோடி மொத்தமாகப் பூஜ்யம். அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி. இங்கே 25,000 ரூபாய் உச்சவரம்பு, பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைப்பு, டெபாசிட் போட்டவர்கள் பணம் பத்திரமாக இருந்தது. ஆனால் பங்குதாரர்களுக்கு எதுவும் இல்லை, முழுப் பங்கும் அழிந்தது. ஒரு வங்கியில் பங்குதாரர் பிழைத்தார், இன்னொன்றில் போனார். ஏன்? இதைச் சபையில் கேட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட இணைப்புத் திட்டத்தை இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆவது பிரிவே சொல்கிறது. ஆனால் கொரோனாவைச் சொல்லி அந்த வருடம் குளிர்காலக் கூட்டத்தொடரே நடக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குத் தோதான விஷயம் வோடபோன் ஐடியா. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்ட முடியவில்லை. பாக்கிக்குப் பதிலாகப் பங்கு எடுத்துக்கொண்டது அரசு. 2023இல் 16,133 கோடிக்கு, 2025இல் 36,950 கோடிக்கு. இரண்டு முறையும் பங்கு ஒன்று பத்து ரூபாய் கணக்கு, சந்தையில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தபோது. எங்கள் பக்கத்தில் கடன்காரன் மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலைக்கு வந்தால் கொல்லைப்புறத் தோட்டத்தை எழுதி வாங்குவார்கள். ஆனால் ஊர் விலைக்கு மேல் போட்டு வாங்குவார்களா? கம்பெனி மூடினால் போட்டி போய்விடும், இரண்டு பேர் மட்டும் மிஞ்சி கட்டணத்தை ஏற்றுவார்கள் என்று ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். இரண்டாவது முறைக்குப் பிறகு அரசின் பங்கு 48.99 சதவீதம். கம்பெனிச் சட்டப்படி 51 சதவீதம் தொட்டால்தான் அரசு நிறுவனம். அதற்குக் கீழே நின்றால் அரசுதான் பெரிய பங்குதாரர், ஆனால் அரசு நிறுவனங்களுக்கு உண்டான தலைமைத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கை வராது. கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த 48.99 உறுத்தும். உங்களுக்கும் உறுத்த வேண்டும்.

இதை எப்படிக் கேட்பது? நான் எழுதிய வாசகம் இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"ஐயா, வணக்கம். வோடபோன் ஐடியாவின் பாக்கிக்கு ஈடாக அரசு பத்து ரூபாய் விலையில் பங்கு பெற்றதால், அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு கோடி? மீதிப் பாக்கியையும் பங்காக மாற்றும் எண்ணம் உண்டா? இந்த இரண்டையும் வரும் கூட்டத்தொடரில் எழுத்துப்பூர்வ பதிலுக்கான கேள்வியாக நிதி அல்லது தொலைத்தொடர்பு அமைச்சரிடம் கேட்டு, பதிலை எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

எழுத்துப்பூர்வ பதில் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விதான், அதிலும் நாலைந்துதான் சபையில் எழும்பும். எழுத்துப் பதிலுக்கு 230 இடம் இருக்கிறது. அமைச்சர் எழுத்தில் சொன்னது ஆவணமாகிவிடும், நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம், பத்திரிகைக்காரர்கள் அங்கேதான் மேய்வார்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதனால் கூட்டத்தொடர் தொடங்கும் தேதி அறிவிப்பு வந்த வாரமே அனுப்பிவிட வேண்டும். தொடங்கியபின் அனுப்புவது தேர் கிளம்பிய பிறகு வடம் பிடிக்க ஓடுவது மாதிரி.

அரசு கையிலிருந்து நேரடியாகப் பணம் போவதாக இருந்தால் துணை மானியக் கோரிக்கைகளை, அதாவது கூடுதல் செலவுக்கு அரசு நாடாளுமன்றத்திடம் கேட்கும் அனுமதியை, கவனியுங்கள். பட்ஜெட்டில் சொல்லாத செலவு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழையும். அதன்மேல் எம்பி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால் தொகையை ஒரு ரூபாயாகக் குறை என்பது, ஒரு குறையைச் சுட்டிக்காட்ட நூறு ரூபாய் குறை என்பது. ஜெயிக்காதுதான். பேச ஒரு வாய்ப்பு.

இன்னொன்று. பத்துப் பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேரும் அவரவர் கதையோடு ஆளுக்கொரு கேள்வி அனுப்புவது மேல். எம்பி அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிறவரும் நம்மைப்போல ஒரு குமாஸ்தாதான். ஒரே மாதிரி பத்துக் காகிதம் வந்தால் நான் என்ன செய்வேன்? ஒன்றை மட்டும் படித்துவிட்டு மீதியைக் கட்டிவைப்பேன்.

கடிதத்தில் முழு முகவரி, தொகுதி பெயர், செல்பேசி எண் மூன்றும் இருக்கட்டும். தொகுதிக்காரர் இல்லை என்று தெரிந்தால் ஓரமாகப் போய்விடும். இதில் எங்கள் பக்கத்து ஆட்கள் அடிக்கடி தவறுகிறார்கள். ராயவரம், கோனாபட்டு மாதிரி ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் திருமயம் சட்டமன்றத் தொகுதியில் இருப்பதால் அவர்களுடைய எம்பி சிவகங்கைக்காரர். ஆலங்குடிக்கும் அதே. புதுக்கோட்டை டவுனில் இருப்பவர்களோ திருச்சி எம்பிக்கு எழுத வேண்டும், அறந்தாங்கிக்காரர்கள் ராமநாதபுரத்துக்கு. தமிழ்நாட்டுக்கு 18 மாநிலங்களவை உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொகுதிக் கணக்கு இல்லை. நீங்கள் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.