கேள்வி நேரம்: உலக விஷயம் கேட்க எங்கே போவது?

தில்லிப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு மையங்களிலும் நடக்கும் வெளியுறவு, உலகப் பண்பாடு பற்றிய பொதுச் சொற்பொழிவுகளுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம் என்று போன இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

*சார், லோதி எஸ்டேட் பக்கம் நடக்கிற கூட்டமெல்லாம் பெரிய மனிதர்களுக்கு, மெம்பர் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர். நான் பி.காம். ஆங்கிலம் புரியும், பேசத்தான் தயக்கம். போகலாமா?*
— மயூர் விஹார் வாசகி

தாராளமாகப் போங்கம்மா. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. லோதி எஸ்டேட்டில் இருக்கும் இந்தியா இண்டர்நேஷனல் சென்டரில் சாப்பாட்டு அறை உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்து வருபவர்களுக்கும்தான். ஆனால் அங்கே மாலையில் நடக்கும் சொற்பொழிவுகளில் பெரும்பாலானவை எல்லோருக்கும் திறந்தவை, டிக்கெட் கிடையாது, முதலில் போனவருக்கு இடம். மயூர் விஹாரில் ப்ளூ லைன் ஏறி மண்டி ஹவுஸில் வயலட் லைனுக்கு மாறினால் கான் மார்க்கெட், அங்கிருந்து வெயில் தாழ்ந்த பிறகு நடந்தே போகலாம். உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலின் சப்ரு ஹவுஸில் நடக்கும் கூட்டம் என்றால் மண்டி ஹவுஸிலேயே இறங்கிவிடுங்கள். அங்கே வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், சில கூட்டங்களுக்கு முன்கூட்டியே பெயர் பதிவு செய்ய வேண்டும், சிலது அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும். அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிளம்புங்கள், அந்தக் கடைசி வரியில்தான் இதெல்லாம் இருக்கும்.

ஜே.என்.யூ. கேட்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்வார்கள். 'லெக்சர்' என்று மட்டும் சொன்னால் காவலர் முழிப்பார். கூட்டத்தின் போஸ்டரைப் போனில் திறந்து காட்டினால் எந்த ஸ்கூல், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்புவார்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தலைமை வகிப்பவர் பேச்சாளரின் பட்டங்களையும் புத்தகங்களையும் அடுக்கி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும், அதற்குள் காது பழகிவிடும்.

*சமோசா உண்டா?*
— பெயர் போட வேண்டாம் என்ற கரோல்பாக் வாசகர்

தேநீர் பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்னால். சீக்கிரம் போங்கள்.

*சப்ரு ஹவுஸ், சப்ரு ஹவுஸ் என்கிறீர்களே, யார் அந்த சப்ரு?*
— ஜனக்புரி வாசகர்

தேஜ் பகதூர் சப்ரு, அலகாபாத்தின் பெரிய வக்கீல். 1943-ல் உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். சுதந்திரத்துக்கு முன்பே, இன்னும் நமக்கென்று ஒரு வெளியுறவுக் கொள்கையே இல்லாத காலத்தில், உலகத்தைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு இடம் வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். இந்தக் கவுன்சில்தான் 1947 மார்ச் கடைசியில் புரானா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாட்டை நடத்தியது. கடைசி நாளில் காந்தி வந்து பேசினார். மேடையில் ஆசியாவின் பெரிய வரைபடம் ஒன்று இருந்தது, அதில் திபெத்தைத் தனி நாடாகக் காட்டியிருந்தார்கள், சீனப் பிரதிநிதிகள் கொதித்துப் போக, படத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. திபெத் பிரதிநிதிகளும் அதே மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் ஒரு கூட்டத்தில் பேச்சாளர் திரையில் வரைபடம் போட்டால் அவர் எந்தக் கோட்டை எங்கே வரைந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள், மீதிப் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அந்தக் கவுன்சிலின் இப்போதைய கட்டடமான சப்ரு ஹவுஸ் 1955-ல் வந்தது. அதே வருடம் அங்கே தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளிதான் பின்னால் ஜே.என்.யூ.வோடு சேர்ந்து இன்றைய ஸ்கூல் ஆஃப் இண்டர்நேஷனல் ஸ்டடீஸ் ஆனது.

*அண்ணா, நான் ஓல்ட் ராஜிந்தர் நகரில் தங்கி யு.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். ஜி.எஸ். இரண்டாம் தாளில் சர்வதேச உறவுகள் வருகிறது. இந்த லெக்சர்களுக்குப் போவது உபயோகமா, நேர விரயமா? ரூம்மேட் விரயம் என்கிறான்.*
— மதுரை மாணவர்

பரீட்சைக்கு முந்தைய மூன்று மாதம் என்றால் ரூம்மேட் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. மற்ற நேரத்தில் பொறுக்கியெடுத்துப் போகலாம்.

பதவியில் இருக்கும் தூதரோ அமைச்சக அதிகாரியோ பேசுகிறார் என்றால், தலைநகரத்தில் எழுதி அனுப்பிய உரையை வாசிப்பார். நாளைக்கு அது அவர்கள் இணையதளத்தில் வரும், அறையிலேயே உட்கார்ந்து இருபது நிமிடத்தில் படித்துவிடலாம், மெட்ரோ காசு மிச்சம். ஓய்வு பெற்ற தூதர் பேசுகிறார் என்றால் விடாதீர்கள். ஒப்பந்தத்தில் இந்தச் சொல் ஏன் வந்தது, எந்த நாட்டுக்காரர் எந்த வரிக்காக இரண்டு நாள் பிடிவாதம் பிடித்தார் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள், கோச்சிங் நோட்ஸில் அதெல்லாம் கிடைக்காது. மூன்றாவது வகை, ஒரு நாட்டில் பல வருடம் தங்கி அந்த மொழி படித்து ஆராய்ச்சி செய்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியத் துறை, ஜாமியாவின் சர்வதேச ஆய்வு அகாடமி, ஜே.என்.யூ.வின் மேற்காசிய, ஆப்பிரிக்க ஆய்வு மையங்கள் பக்கமெல்லாம் இவர்கள் வருவார்கள். கூட்டம் முப்பது பேர்கூட இருக்காது. எனக்குப் பிடித்தது இந்த வகைதான். ஏசி சத்தத்தை மீறிக் கேட்க வேண்டியிருக்கும், படங்கள் திரையில் கோணலாகத் தெரியும், ஆனால் ஈரானில் ஒரு சாதாரணக் குடும்பம் பொருளாதாரத் தடைகளை எப்படிச் சமாளிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் சொல்லும்போது செய்தித்தாளில் படிப்பது வேறு என்று புரியும்.

உங்கள் நண்பர்கள் யாராவது முனிர்க்காவிலோ ஜே.என்.யூ. ஹாஸ்டலிலோ இருந்தால் இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ்ஸில் நடக்கும் கூட்டங்களையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டுகளை எடுத்த மேஜையிலேயே மைக் வைத்துப் பேசுவார்கள். கட்சிச் சாயம் தெரியும், ஒருபக்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேள்வி கேட்கிற மாணவர்கள் பேச்சாளரைச் சும்மா விடமாட்டார்கள்.

*நானும் போகிறேன், கை தூக்குகிறேன், மைக் வருவதே இல்லை. வருகிறவர்களோ கேள்வி கேட்காமல் அவர்களே ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறார்கள். என்ன செய்ய?*
— ரோகிணி வாசகர்

'நான் 1984-ல் ஜெனிவாவில் இருந்தபோது' என்று ஆரம்பிப்பாரே, அவரா? எல்லா அரங்கிலும் அவர் இருப்பார். கடவுள் அவருக்கு நீண்ட ஆயுள் தரட்டும், மைக்கை மட்டும் தராமல் இருக்கட்டும்.

மைக் எடுத்துக்கொண்டு ஓடும் பையன் நடைபாதையில்தான் நிற்பான், அதனால் ஓர இருக்கையில் உட்காருங்கள். பேச்சு முடிந்து கைதட்டல் அடங்கும்போதே கை மேலே இருக்க வேண்டும், மற்றவர் கேள்வியைக் கேட்டுவிட்டு யோசித்துத் தூக்கினால் அவ்வளவுதான், 'நேரம் கருதி' என்று முடித்துவிடுவார்கள். கேள்வியை முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள், தமிழில் எழுதினாலும் சரி. பெயர், ஊர், ஒரே கேள்வி. 'இரண்டு கேள்விகள்' என்று ஆரம்பித்தால் பேச்சாளர் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நன்றியுரை முடிந்ததும் மேடைப் பக்கம் போய் நின்று கேட்டால் இன்னும் நல்லது, மைக்கில் சொல்லாததை அங்கே சொல்வார்கள்.

*சீனா, இலங்கைத் துறைமுகங்கள் பற்றிய ஒரு கூட்டம் வருகிறது. ராஜேந்திர சோழன் 1025-ல் ஸ்ரீவிஜயம் வரை போனதை எழுந்து சொல்லலாம் என்றிருக்கிறேன். தமிழன் பெருமை அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?*
— ஆர்.கே.புரம் வாசகர்

தெரியட்டும், ஆனால் அங்கே வேண்டாம். பெருமை பேசினால் பேச்சாளர் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கையைப் பார்ப்பார். அதே தமிழை வைத்துக்கொண்டு அவரைத் திணறடிக்க வேறு வழி இருக்கிறது.

காலி கல்வெட்டு தெரியுமா? 1911-ல் இலங்கையின் காலி நகரத்தில் ஒரு இன்ஜினியர், சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்த கல்லைப் புரட்டிப் பார்த்தால் எழுத்து. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்து நிறுத்தியது, கல்லில் உள்ள ஆண்டு 1409. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்று திருமாலுக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே ஜெங் ஹே அதே காலகட்டத்தில், 1411-ல், இலங்கையின் கோட்டை அரசை ஆண்ட அழகக்கோனைச் சண்டையில் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். இதை வைத்துக் கேளுங்கள்: ஜெங் ஹே பயணங்களை அமைதிப் பயணங்கள் என்று சீன அரசு இன்றைக்கும் சொல்கிறது, காணிக்கையும் சிறைபிடிப்பும் ஒரே கணக்கில் வருகிறதே, 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் இந்தப் பழைய கதையை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இவ்வளவுதான், இரண்டு வாக்கியமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். நேரம் இருந்து, பேச்சாளரும் உற்சாகமாகிவிட்டால், சீனத்தின் ச்சுவான்ஜௌ துறைமுகத்தில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றியும் கேட்கலாம். குப்ளாய் கான் காலத்தில் அங்கே நம் வியாபாரிகளுக்கு ஒரு சிவன் கோயில் இருந்திருக்கிறது. ராஜேந்திரனை நீங்கள் சொல்லாமலே அவர் சொல்வார்.

*பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது? இந்தக் கூட்டங்களால் ஏதாவது மாறியிருக்கிறதா?*
— நொய்டா வாசகர்

பெரும்பாலானவற்றால் ஒன்றும் இல்லை. ஆனால் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் என்று ஒருவர் இருந்தார், பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.டி.எஸ்.ஏ.வின் இயக்குநர், இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தை. இந்தியாவுக்கு அணு ஆயுதம் வேண்டும் என்று பல வருடம் மேடையிலும் பத்திரிகையிலும் வாதாடிக்கொண்டே இருந்தார், எதிர்த்தவர்கள் ஏராளம். 1998-ல் சோதனை நடந்தது. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்ற கொள்கை வரைவை 1999-ல் தயாரித்த குழுவுக்கும் அவர்தான் தலைமை. அவர் சொன்னது சரியா என்பது வேறு சண்டை, அதற்குத் தனி இதழ் வேண்டும்.

*ஒரு கூட்டத்தில் பேச்சாளர் சொன்னதை அவர் பெயரோடு முகநூலில் போட்டேன். ஏற்பாட்டாளர்கள் எடுக்கச் சொல்கிறார்கள். பொதுக் கூட்டம்தானே?*
— துவாரகா வாசகி

தொடக்கத்தில் 'சாத்தம் ஹவுஸ் விதி' என்று தலைவர் சொன்னாரா? லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனத்தில் 1927-ல் வந்த விதி அது. கேட்டதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னார் என்பதையும், அங்கே யார் வந்திருந்தார் என்பதையும் சொல்லக்கூடாது. பதவியில் இருப்பவர் கொஞ்சம் மனம்விட்டுப் பேசட்டும் என்றுதான். அப்படிச் சொல்லியிருந்தால் பெயரை எடுத்துவிடுங்கள், விஷயம் அப்படியே இருக்கட்டும். சொல்லவில்லை என்றால் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

*என் மகள் பத்தாவது. கொரியத் தொடர் பார்த்துவிட்டு லாஜ்பத் நகர் கொரியப் பண்பாட்டு மையத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?*
— மயூர் விஹார் தந்தை

அனுப்புங்கள். அதே ரிங் ரோட்டில் ஜப்பான் ஃபவுண்டேஷனும் இருக்கிறது, அதையும் காட்டுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள், ஆனால் அவள் தோழிகள் வந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.