வான்கோழிக்கு எந்த டிரெய்ல் கேமரா?

கேள்வி: ஏப்ரல் சீசனில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நண்பரின் பண்ணையில் வான்கோழி வேட்டைக்குப் போகிறேன். சேவல்கள் எங்கே நடமாடுகின்றன என்று முன்கூட்டியே பார்க்க இரண்டு டிரெய்ல் கேமரா (மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு வரும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா) வாங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஃபிளாஷ், ஏகப்பட்ட மெகாபிக்சல் என்று விலையை ஏற்றுகிறார்கள். எதற்குக் காசு கொடுக்கலாம்?

பதில்: அந்த இரண்டுக்குமே வேண்டாம். வான்கோழி பகல் பறவை. பொழுது சாய்ந்ததும் மரமேறி அடைந்துவிடும், விடியும் நேரத்தில்தான் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த 940 நானோமீட்டர் ஃபிளாஷ் இரவில் மான் பார்ப்பவர்களுக்கான செலவு. இரவில் ஆள் வந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு போகும் இடமென்றால் மட்டும் அதை யோசிக்கலாம். மெகாபிக்சல் கணக்கும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் சென்சார் பெரும்பாலும் சில மெகாபிக்சல்தான், மீதியை மென்பொருள் ஊதிப் பெருக்குகிறது. அட்டைப்பெட்டியை நம்பாமல், அந்த மாடல் பகலில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்.

காசு கொடுக்க வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, அரை விநாடிக்குள் படமெடுக்கும் வேகம். இன்னொன்று, டைம்லாப்ஸ், அதாவது அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த இடைவெளியில் படமெடுப்பது. அசைவு சென்சாரோடு சேர்ந்தே ஓடும் டைம்லாப்ஸாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தக் கேமராக்கள் பார்ப்பது வெறும் அசைவை அல்ல, சுற்றுப்புறத்தைவிட வெப்பம் மாறுபட்டு நகரும் பொருளை. வான்கோழியின் உடல் சிறியது, இறகு வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சென்சார் எட்டும் தூரம் 80 அடி என்று பெட்டியில் போட்டிருந்தால் வான்கோழிக்குப் பாதி தூரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலின் மறுகோடியில் வாலை விரித்து ஆடும் சேவல் சென்சாரில் சிக்கவே சிக்காது. அங்கே டைம்லாப்ஸ்தான் கைகொடுக்கும். விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் நாளைக்கு 120 படங்கள், 32 ஜிபி கார்டு தாராளம்.

கார்டைத் தெரிந்த கடையில் வாங்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். பேட்டரி லித்தியம் ஏஏ. ஆல்கலைன் பிப்ரவரி, மார்ச் குளிரில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கேள்வி: எங்கே, எவ்வளவு உயரத்தில் கட்டுவது?

பதில்: தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி. மானுக்குக் கட்டும் உயரத்தில் கட்டினால் பறவையின் முதுகுக்கு மேலேயே சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். முகம் வடக்கே இருக்கட்டும். கிழக்கே திருப்பினால், பறவை மரத்திலிருந்து இறங்கும் அதே நேரத்தில் சூரியன் லென்ஸில் அடித்துப் படம் வெளுத்துப்போகும். வண்டிப்பாதையில் கட்டினால் பாதைக்குச் சாய்வாக வையுங்கள். முன்னால் உள்ள புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஏப்ரலில் அது விறுவிறுவென்று வளரும், காற்றில் ஆடும் புல்லே கார்டை நிரப்பிவிடும்.

வயலோரம், மரம் ஏற்றிப்போன பழைய வண்டிப்பாதை, மண் குளிக்கும் பொடிமண் குழி ஆகியவை நல்ல இடங்கள். அடையும் மரத்தடிக்கு மட்டும் போகாதீர்கள், கலைந்தால் இடம் மாறிவிடும். குளிர்காலக் கூட்டம் வசந்தத்தில் பிரிந்துவிடுவதால் பிப்ரவரிப் படத்தை நம்பி இடம் பிடிக்க வேண்டாம், சீசனுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரப் படங்கள்தான் கணக்கு. பெட்டைகள் முட்டையிடப் போனபின், 9 மணிக்கு மேல் தனியாகச் சுற்றும் சேவலின் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். மார்பில் நீளத் தாடி, விரித்த வால் ஒரே சீராக இருந்தால் முதிர்ந்த சேவல். வாலின் நடு இறகுகள் மட்டும் நீண்டிருந்தால் இளஞ்சேவல்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கோடைகால நேரத்துக்காகக் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்படும். சாதாரணக் கேமரா தானாக மாற்றிக்கொள்ளாது. கையால் மாற்றாவிட்டால் 7 மணிக்கு வந்த சேவல் படத்தில் 6 என்று காட்டும்.

கேள்வி: போனுக்குப் படம் அனுப்பும் செல்லுலார் கேமரா வாங்கலாமா?

பதில்: பண்ணை தொலைவென்றால் வாங்கலாம், அடிக்கடி போய்ப் பறவையைக் கலைக்க வேண்டியதில்லை. மாதச் சந்தா தனி. வாங்குமுன் அதே மரத்தடியில் போனை வைத்து அந்த நெட்வொர்க்கின் சிக்னலைப் பாருங்கள். வருவது சிறிய படம், முழு அளவுக்குத் தனிக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு.

வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதானால் அங்குள்ள சட்டத்தைப் பாருங்கள். அரிசோனாவில் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு உதவும் டிரெய்ல் கேமராவுக்கே தடை. மிசூரியில், படம் விழ வேண்டும் என்று கேமரா முன் சோளம் மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்ட சோளத்தை முழுக்க அள்ளிய பிறகும் 10 நாளைக்கு அது இரை போட்ட இடமாகவே கருதப்படும், அங்கே வேட்டையாடினால் குற்றம்.