முழுத் திட்ட அட்டவணையையும் அன்றாட வேலையையும் இணைப்பது எப்படி?

முழுத் திட்ட அட்டவணை ஒன்று சொல்ல, கட்டுமானத் தளத்தில் அன்றாட வேலை வேறு வழியில் போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே, அடுத்த ஆறு வாரங்களை மட்டும் கூர்ந்து பார்க்கும் இடைக்கால அட்டவணை இல்லாததே பெரும்பாலும் காரணம். கட்டுமான மேலாண்மை ஆய்வாளர்கள் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990களில் வளர்த்தெடுத்த லாஸ்ட் பிளானர் என்ற திட்டமிடும் முறையில், வரைபட ஒப்புதல், கம்பி, ஆட்கள், முந்தைய வேலையின் நிறைவு ஆகியவை உறுதியான பணிகள் மட்டுமே வாரத் திட்டத்துக்குள் வரும். அவற்றுக்கு வாக்குக் கொடுப்பவரும் ஆட்களை நேரடியாக நடத்துபவர்தான். மேஸ்திரியைக் கேட்காமல் அலுவலகத்தில் போடும் தேதி நிற்காது.

உதாரணமாக, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456, 4.5 மீட்டருக்கு மேல் நீளும் கூரைத்தளத்தை அடியில் தாங்கும் முட்டுகளைச் சாதாரண சிமென்ட்டுக்கு 14 நாள்கள் வரை எடுக்கக் கூடாது என்கிறது. ஆகவே கான்கிரீட் இரண்டு நாள் தள்ளினால் அதன் அடியில் நடக்கவேண்டிய பூச்சு வேலையும் தள்ளும்; அன்று மாலையே அதை முழு அட்டவணையில் திருத்திவிடுங்கள்.